இரண்டாவது சத்தம்

சுவர் முடிந்த அன்று சாயங்காலம் கஸ்பார் அதன் பின்னால் போய் நின்று, புழுக்கள் தின்னும் சத்தத்தைக் கேட்டான்.

பட்டுப்புழுக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். தட்டுக்குத் தட்டு ஆயிரக்கணக்கில் வெள்ளைப் புழுக்கள் மல்பெரி இலையைக் கடித்துக்கொண்டிருந்தன. தூரத்துக் காட்டில் மழை இறங்குவது மாதிரி, சன்னமாக, நிற்காமல் ஒரு சலசலப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் சேலம் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை வேறு யாருடைய ஊரிலோ போவதுபோல் இருந்தது.

"கேக்குதா மேஸ்திரி?" என்றார் நஞ்சப்பன். "ரெண்டு வருசமா புழு வளக்கறேன். இந்தச் சத்தத்த இன்னிக்குத்தான் கேக்கறேன்."

நஞ்சப்பனுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. மேற்கே, சவரிக்கொட்டாயின் பதினாலு வீடுகளுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி மல்பெரித் தோட்டம். கிழக்கே, ரோட்டைத் தாண்டினால் புழுக் கொட்டகை. அதற்கு முன் இரண்டு தடவை புழுக்கள் கூடு கட்டாமலே செத்துப்போயின. பட்டு வளர்ப்பு ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர் இலையில் ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். நஞ்சப்பன் அதை நம்பவில்லை. லாரி போகும்போதெல்லாம் புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அவர் தன் கண்ணால் பார்த்திருந்தார். அதனால்தான் சுவர்.

அந்த இடத்தில் ரோடு, பாறையை வெட்டிப் போட்ட சந்திலிருந்து திடீரென்று வெளியே வந்து, சவரிக்கொட்டாயைச் சுற்றிக்கொண்டு மேற்காக வளைந்து, தொப்பூர்ப் பக்கம் இறங்குகிறது. அந்த வளைவை ஒட்டியே சுவரும் வளைந்தது. பன்னிரண்டு அடி உயரம், முன்னூறு அடி நீளம். கல்லை அடுக்கி மண் வைத்து நிறுத்தினால் போதும் என்றுதான் நஞ்சப்பன் சொன்னார். கஸ்பார் கேட்கவில்லை.

"பன்னெண்டு அடி செவுத்த மொட்டையா வுட்டா எம்பேருதான் கெடும்ணா. ரோட்டுல போறவன் எல்லாம் பாப்பான்."

பெங்களூரில் பெரிய மேஸ்திரிகளிடம் வேலை செய்தபோது பழகிய சுண்ணாம்புப் பூச்சை அவன் அந்தச் சுவருக்குப் பூசினான். பூசியதோடு விடாமல், ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினான். கையை வைத்தால் வழுக்கியது. காலை வெயிலில் போகும் லாரிகளின் நிறம் அதில் மங்கலாக ஓடியது. தர்மபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவில் இப்படி ஒரு சுவர் இல்லை என்று பஸ்ஸில் போகிறவர்கள்கூடச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே முதல் வீடான தன் வீட்டு வாசலுக்கு வந்து கஸ்பார் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி போனது. பாறைச் சந்திலிருந்து வந்து, வளைவில் இறங்கி, மறைந்தது. சத்தம் தேய்ந்தது. பிறகு, தேய்ந்த இடத்திலிருந்தே அது மறுபடியும் எழுந்தது. மெதுவாக, உருண்டையாக, மேலேயிருந்து இன்னொரு லாரி இறங்கி வருவதுபோல. அடுப்படியில் மூடித்தட்டு கிணுகிணுத்தது.

அவன் மனைவி ராயம்மாள் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது.

"என்னாங்க இது. வண்டியே இல்ல, சத்தம் மட்டும் வருது?"

கஸ்பார் செம்பைக் கீழே வைத்தான். எதிரே அவன் கட்டிய சுவர், குவித்த உள்ளங்கை மாதிரி, வீடுகளைப் பார்த்து வளைந்து நின்றது.

அதற்குப் பிறகு சவரிக்கொட்டாயில் ஒவ்வொரு லாரியும் இரண்டு தடவை போனது. ஹார்ன் அடித்தால் இரண்டு ஹார்ன். தூளியில் போட்ட பிள்ளைகள் முதல் சத்தத்துக்குத் தூங்கி இரண்டாவதற்கு விழித்தன. ஆடுகள் மட்டும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டன.

பக்கத்து வீட்டு மரியசூசை, ராயம்மாளின் அண்ணன், பார்க்கும்போதெல்லாம் குத்தினான். "லாரிக்காரனுக்கு ஒரு வாயி இருந்தது. பத்தலைன்னு நீ இன்னொரு வாயி கட்டி வுட்டுட்ட மச்சான். அதுவும் வழவழன்னு."

நாலு பேர் சேர்ந்து நஞ்சப்பனிடம் போனார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டு, "லாரிய நானா ஓட்டறேன்?" என்றார். போனவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

தூக்கம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயம் வேறு இடத்தில் இருந்தது.

புழுக்களுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை இலை. மேற்கே தோட்டத்தில் அறுத்து, ஈரச் சாக்கில் கட்டி, பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். ராயம்மாள், செல்லி, இன்னும் மூன்று பேர். கட்டின் முன்பக்கமும் பக்கவாட்டிலும் மல்பெரிக் கொப்புகள் கண்ணை மறைத்துத் தொங்கும். தன் கால்விரலுக்கு முன்னால் ஒரு முழத் தரைதான் தெரியும். கழுத்தைத் திருப்ப முடியாது. கட்டை இறக்கிவைத்துப் பார்க்கலாம் என்றால், திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் அவர்கள் ரோட்டைக் காதால்தான் தாண்டினார்கள். ஓரத்தில் நின்று கேட்பார்கள். சத்தம் இல்லையென்றால் நடப்பார்கள். அந்த இரண்டு வருஷமும் அது போதுமாக இருந்தது.

இப்போது சத்தம் ஓயவே இல்லை. ஒரு லாரி போய், அதன் சுவர்ச் சத்தம் போய் முடிவதற்குள் அடுத்தது வந்தது. எது வருவது, எது போனது என்று தெரியாமல் ஐந்து பேரும் ஓரத்தில் அரைமணி நேரம் நின்றார்கள். இலை வாடியது. கொட்டகையிலிருந்து நஞ்சப்பன் கத்தினார்.

"என்னால ஆவாது," என்றாள் ராயம்மாள் ஒரு மத்தியானம். "கால எடுத்து வெச்சா மேல ஏறிடற மாதிரியே கேக்குது. நீங்க கட்டினதுதான. நீங்களே அதுகிட்டச் சொல்லுங்க."

கஸ்பார் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ரோட்டோரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காலையிலிருந்து கேட்டான். சுண்ணாம்பின் பதம் பார்க்கிற மாதிரி சத்தத்தைப் பார்த்தான். வண்டியின் சத்தத்துக்கு விளிம்பு இருந்தது. கியர் உறுமியது, பலகை ஆடியது. சுவரின் சத்தம் வழுவழுப்பாக இருந்தது, அவனுடைய பூச்சைப் போலவே. வண்டி தாண்டிப் போனபின், அருள்நிறை மரியே ஜெபத்தில் பாதி சொல்லி முடிக்கும் நேரத்தில் அது வந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முக்கியமாக, இரண்டாவது சத்தம் வரும்போது ரோடு எப்போதும் காலியாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து பெண்களையும் கூட்டிவைத்துச் சொன்னான். "மொதல்ல கேக்கறது வண்டி. அதுக்கு நில்லுங்க. ரெண்டாவது கேக்கறது செவுரு. அது ஒண்ணும் பண்ணாது. அது கேட்டவுடனே கால எடுத்துருங்க. அது முடியற வரைக்கும் நின்னீங்கன்னா அடுத்த வண்டி வந்துரும்."

"செவுரு பொய் சொல்லாதுங்களா மேஸ்திரிணா?" என்றாள் செல்லி.

"நான் கட்டின செவுரு," என்றான் கஸ்பார்.

அது வேலை செய்தது. அதுதான் பின்னால் நினைக்கும்போது அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு பிசகும் இல்லாமல் எட்டு மாதம் வேலை செய்தது. செல்லி அதற்கு ஒரு பாட்டே கட்டிவிட்டாள். 'ஒண்ணு வண்டி, ரெண்டு செவுரு, செவுரு சொன்னா கால எடு.' ஐந்து பேரும் கட்டோடு ஓரத்தில் நின்று முணுமுணுப்பார்கள். 'கால எடு' என்னும்போது ஐந்து வலது கால்களும் ஒன்றாகத் தாரில் இறங்கும். கொட்டாய்ப் பிள்ளைகள் அதைச் சொல்லி நொண்டி ஆடினார்கள். கஸ்பார் சுவர்மேல் நின்று விரிசல் விட்ட பூச்சைச் சரிசெய்துகொண்டிருந்தால், அவர்கள் இறங்குவதைப் பார்த்து, "வா ராயம்மா, வா, புழு அழுவுது" என்று குரல் கொடுப்பான். கட்டுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்கும்.

எழுபத்துநாலாம் வருஷத் தொடக்கத்தில் டீசல் விலை ஏறியது. மேலே பாறைச் சந்துக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில், டீக்கடையில் இரண்டு லாரி டிரைவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கஸ்பார் கேட்டான். இங்கேயிருந்து தொப்பூர் வரைக்கும் இறக்கம்தானே, கியரை எடுத்து நியூட்ரலில் விட்டால் தானாகவே போய்விடும், முன்னால் போகிற வண்டிக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போகலாம், ஒரு சொட்டு செலவில்லை என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தார். கஸ்பார் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அவன் காதில் விழுந்தது. வேறெங்கும் போய்ச் சேரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை. கஸ்பார் சுவரின் வடக்கு முனையில் சாரத்தின்மேல் நின்றிருந்தான். அங்கிருந்து பாறைச் சந்தின் உள்பக்கம் கொஞ்சம் தெரியும். புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன. கூடு கட்டுவதற்கு முன் பேய்ப்பசி. பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்து ஓரத்தில் நின்றார்கள். ராயம்மாள் முன்னால்.

ஒரு லாரி சந்திலிருந்து உறுமிக்கொண்டு வந்து, அவர்களைத் தாண்டி, வளைவில் இறங்கியது. கஸ்பார் சும்மா சந்தைப் பார்த்தான். உள்ளே, நிழலில், இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது. புளி மூட்டை ஏற்றிய பெரிய லாரி. உறுமல் இல்லை. டயர்கள் மட்டும் தாரில் உருண்டன. வழுவழுப்பான, உருண்டையான சத்தம்.

அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். எட்டு மாதமாக அதற்கு அவன்தான் பெயர் வைத்திருந்தான்.

கீழே ஐந்து உதடுகள் முணுமுணுப்பது கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. ஒண்ணு வண்டி. கத்துவதற்கு வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. தன் குரல் சுவர்மேலிருந்து அவளை இத்தனை நாளும் என்ன சொல்லி அழைத்தது என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் கத்தினால், என்ன வார்த்தை கத்தினாலும், அவள் வேகமாக வருவாள்.

காலடியில் இருந்த இரும்புச் சட்டியைச் சுண்ணாம்போடு தூக்கி ரோட்டில் எறிந்தான். கருங்கல் குவியலில் பட்டு அது கணீரென்று அலறியது.

பாட்டில் மூன்றாவது சத்தம் இல்லை. ராயம்மாளின் கால் தாரில் பாதி வைத்தபடி நின்றது. லாரியின் பக்கப் பலகை அவள் தலையிலிருந்த கட்டை மட்டும் உரசி, பிய்த்து, சுழற்றி எறிந்துவிட்டுப் போனது. ரோடு முழுக்கப் பச்சை இலை. லாரி நிற்கவில்லை. அது வளைவில் மறைந்தபின், அருள்நிறை மரியே பாதி சொல்லும் நேரம் கழித்து, சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. அதைக் கேட்டு செல்லி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்பார் சாரத்திலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ராயம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். தலையில் சும்மாடு மட்டும் இருந்தது.

"ரெண்டுன்னு தான எண்ணினேன்," என்றாள். "சரியாத்தான எண்ணினேன்?"

அன்றைக்கே அவன் நஞ்சப்பனிடம் போனான். ரோட்டுப் பக்கப் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும் என்றான். நஞ்சப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயே பூசின, நீயே கொத்தறேங்கற. ஊரு சிரிக்கும் மேஸ்திரி."

"சிரிக்கட்டுங்ணா. உங்க பக்கம் சத்தம் வராது, அதுக்கு நான் பொறுப்பு."

"வந்துச்சுன்னா, அப்பறம் உனக்கு என் காம்பவுண்டுல வேலையே கெடையாது."

தெற்கு மூலையில் ஒரு இடத்தில் யாரோ சோளத்தட்டைச் சுவரில் சாத்தி அடுக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்கு எதிரே நின்றால் மட்டும் சுவர் ஊமையாக இருந்ததைக் கஸ்பார் முன்பே கவனித்திருந்தான். இப்போது அதைப் பிடித்துக்கொண்டான். மெருகேற்றிய பூச்சை முன்னூறு அடிக்கும் கொத்தி உதிர்த்தான். கல்லின் முனைகளை வெளியே நீட்ட விட்டான். அதன்மேல் சோளத்தட்டைப் படலாகக் கட்டி வளைவு முழுக்கச் சாத்தினான். மரியசூசையும் வந்து கயிறு பிடித்தான். அந்த மூன்று வாரமும் அவன் ஒரு கிண்டலும் பண்ணவில்லை. முடிந்தபோது சுவர், தோல் உரித்த மிருகம் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது.

அது பேசுவதை நிறுத்தியது. லாரி வந்தது, போனது, அவ்வளவுதான். சவரிக்கொட்டாயில் அன்று பிள்ளைகள் பகலில் தூங்கின. ராயம்மாள் கறிக்குழம்பு வைத்தாள்.

கஸ்பார் பெண்களை மறுபடி கூட்டிவைத்தான். "இனிமே செவுரு கெடையாது. மொதல் சத்தமும் வண்டி, ரெண்டாவது சத்தமும் வண்டி. புரியுதா? பாட்ட மறந்துருங்க."

"மறந்தாச்சுங்ணா," என்றாள் செல்லி. "என் மவளுக்குத்தான் நொண்டி ஆட வேற பாட்டு வேணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவன் கேட்டருகே நின்று பார்த்தான். ஐந்து பேரும் கட்டோடு ஓரத்தில் நின்றார்கள். ஒரு லாரி உறுமிக்கொண்டு தாண்டியது. ரோடு காலி. சத்தமே இல்லை. நடந்திருக்கலாம். அவர்கள் நடக்கவில்லை. எதற்கோ காத்து நின்றார்கள். அரை ஜெபத்தின் நேரம் போனது, முழு ஜெபத்தின் நேரம் போனது. தூரத்தில், சந்துக்கு மேலே, ஒரு வண்டி லேசாகக் கேட்டது. ராயம்மாளின் வலது கால் தானாக முன்னால் வந்தது.

"ராயம்மா," என்று அவன் ரோட்டில் இறங்கி, கையை விரித்து மறித்தான்.

"நான் எங்க நடந்தேன்?" என்றாள் அவள் கட்டுக்குள்ளிருந்து. குனிந்து தன் காலைப் பார்க்க அவளால் முடியாது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சுவர் பேசியவரை இரண்டாவது சத்தம் எப்போதாவதுதான் வண்டி. இப்போது அது எப்போதுமே வண்டி. சுவரில் பூசியதை அவன் கொத்தி எடுத்துவிட்டான். கால்களுக்குள் பூசியதை எந்த உளியால் கொத்துவது?

அதற்குப் பிறகு ஒரு வாரம், நாலு வேளையும் அவனே ரோட்டில் நின்று அவர்களைத் தாண்டவிட்டான். வேலை வெட்டியில்லாமல் நிற்கிறான் என்று நஞ்சப்பனுக்குச் சேதி போனது. கொத்திய இடுக்குகள் வழியாகச் சத்தம் கசிகிறது, புழு தலையைத் தூக்குகிறது என்று அவர் சொன்னார். கசிந்ததோ இல்லையோ, அவருக்குக் கேட்டது. கொட்டகையின் தெற்குப் பக்கம் அவர் புதிதாகக் கட்டவிருந்த வேலை வேறு மேஸ்திரிக்குப் போனது. சேலத்தில் ஒரு குடோன் கட்டுகிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம் என்று மரியசூசை வேலை பிடித்துக் கொடுத்தான். தான் நின்று பெண்களைத் தாண்டவிடுவதாகவும் சொன்னான்.

"நீங்க போங்க," என்றாள் ராயம்மாள், மட்டப்பலகையையும் கரணையையும் பையில் வைத்துக்கொடுத்து. "நாங்க என்ன கொழந்தைங்களா?"

திங்கட்கிழமை காலை கஸ்பார் மேட்டு டீக்கடைக்கு நடந்து போனான். அங்கேதான் பஸ் நிற்கும். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. பஸ் கூட்டமாக வந்தது. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர்களுக்கு முன்னால் ஒரு சிமெண்டு லாரி, கனமாக உறுமிக்கொண்டு போனது.

டீக்கடை பின்னால் போனது. இறக்கம் தொடங்கியது. பக்கத்தில் அவனை இடித்தவன் யாரென்று திரும்பினான். பையை மார்போடு அணைத்துக்கொண்டு மரியசூசை சிரித்தான். "தர்மபுரி வரைக்கும் போய் வந்துக்கிட்டிருக்கேன் மச்சான். அம்மாவுக்கு நேத்து ராத்திரிலருந்து காய்ச்சல், மருந்து வாங்கிட்டுத் திரும்பறேன். எறக்கத்துல எறங்கிக்குவேன். கண்டக்டர் நமக்குத் தெரிஞ்சவன்."

"அப்ப ரோட்டுல யாரு நிக்கறா?"

மரியசூசையின் சிரிப்பு மெதுவாகப் போனது.

சிமெண்டு லாரி பாறைச் சந்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் மறைந்தது. அதன் உறுமல் பாறைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தேய்ந்தது. டிரைவர் கொட்டாவி விட்டார். இடது கையைக் கியர்க் கம்பின்மேல் வைத்து, லேசாகத் தட்டி, நியூட்ரலில் விட்டார். பஸ்ஸுக்குள் அதுவரை இருந்த அதிர்வு அடங்கியது. எல்லோர் பேச்சும் திடீரென்று தெளிவாகக் கேட்டது. அடியில் டயர்கள் மட்டும் உருண்டன. வழுவழுப்பாக, உருண்டையாக.

கஸ்பார் அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"ஹார்ன் அடிங்கண்ணா," என்றான். "அண்ணா, நிறுத்துங்க. ஹார்ன் அடிங்க."

"ஸ்டாப்பிங் இல்லய்யா இங்க," என்றார் டிரைவர் திரும்பாமல்.

பாறைச் சந்து இருபக்கமும் ஓடி முடிந்தது. வெளிச்சம் முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. ரோட்டோரத்தில் ஐந்து பச்சைக் கட்டுகள் வரிசையாக நின்றன. கட்டுகளுக்குக் கீழே ஐந்து சேலைக் கரைகளும் பத்துக் கால்களும் மட்டும் தெரிந்தன. எது ராயம்மாளுடையது என்று அவன் தேடினான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எல்லாம் காத்திருந்தன.

கம்பியைத் தாண்டிக் கையை நீட்டி அவன் ஹார்னைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஐந்து வலது கால்களும் ஒன்றாகத் தாரில் இறங்கின.